"அது குட்டிச் சிறுத்தை இல்லை தம்பி, வெருகு!" - திண்டுக்கல் காட்டில் நம்ம வீட்டுப் பூனைக்கு எத்தனை சொந்தம்?

போன தை மாசம், வடமதுரை பக்கம் இருக்கும் எங்க சித்தப்பா தோட்டத்தில் மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். தட்டைக்கு நடுவில் இருந்து ஒரு அக்கா, "ஏய்... இங்க பாருங்கப்பா, புலிக்குட்டி!" என்று கத்தினார். எல்லாரும் ஓடினோம். காய்ந்த தோகை மெத்தை மாதிரி கிடந்த இடத்தில் மூன்று குட்டிகள். உள்ளங்கை அளவு. உடம்பில் லேசாகக் கோடுகள். கண் அப்போதுதான் திறந்த மாதிரி ஒரு மங்கல் நீலம்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அட்டைப்பெட்டி எடுத்து வந்தது என் தம்பி. குட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தது நான். போட்டோ எடுத்து, 'குட்டிச் சிறுத்தை @ எங்க தோட்டம்' என்று ஸ்டேட்டஸ் வைத்ததும் நானேதான். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சில் நனைத்துக் கொடுக்கலாம் என்று ஐடியா கொடுத்ததும் நான்தான். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். 'ப்ரோ, எவ்ளோ?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். விளையாட்டுக்குக் கேட்டார்களா, நிஜமாகவே கேட்டார்களா தெரியவில்லை.

சாயங்காலம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த அப்பத்தாதான், "சிறுத்தையாம்ல... அது வெருகு தம்பி. ஆத்தாக்காரி தேடிக்கிட்டு வருவா. கொண்டுபோய் எடுத்த எடத்துல வையி" என்றார். நாங்கள் கேட்கவில்லை. ராத்திரி நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்தோம். மறுநாள் காலையில் மூன்றில் ஒன்று வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது. மத்தியானம் செத்துப்போனது.

அன்றைக்கு ராத்திரி வரப்போரம் ஒரு சத்தம். வீட்டுப் பூனை கத்துவது மாதிரிதான், ஆனால் இன்னும் கனமாக, அடிவயிற்றில் இருந்து. விட்டு விட்டு ரொம்ப நேரம் கேட்டது. அதற்கப்புறம்தான் சித்தப்பா வனத்துறைக்குப் போன் போட்டார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தப் பெட்டிக்குள் இருந்தது யார் என்று பார்ப்போம். ஏனென்றால் அது எங்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சிறுத்தையா, சிவிங்கியா, வேங்கையா?

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். வேங்கை என்றால் கோடு போட்ட புலி. சிறுத்தை என்றால் மேலே பூப்பூவாகப் புள்ளி இருக்கும், மரம் ஏறும். சிவிங்கி என்பது வேறு. முகத்தில் கண்ணீர் வழிந்த மாதிரி கறுப்புக் கோடு ஓடும், தரையில் ஓடுவதில் உலக சாம்பியன். சிவிங்கி நம் நாட்டில் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவில் இருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்களே, அது சிவிங்கிதான். அதைச் சில டி.வி-க்கள் 'சிறுத்தை' என்றே வாசித்ததால், இப்போது பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்று. 'கருஞ்சிறுத்தை' தனி இனம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் சாதாரண சிறுத்தைதான், நிறமி மட்டும் கூடிப்போனது. வெயிலில் உற்றுப் பார்த்தால் உள்ளே புள்ளி தெரியும்.

உலகத்தில் பூனைக் குடும்பத்தில் இருப்பது மொத்தம் 41 இனங்கள் என்று 2017-ல் வெளியான வகைப்பாடு சொல்கிறது. வேங்கை, சிங்கம், சிறுத்தையில் இருந்து உங்க வீட்டு சோபாவில் தூங்கும் 'மீனு' வரை எல்லாம் அதில் அடக்கம். 2013-ல் புலியின் மரபணுத் தொகுப்பை முழுசாகப் படித்தபோது, வீட்டுப் பூனையோடு அது 95.6 சதவிகிதம் ஒத்துப்போனது. மீனு அப்படி முறைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனாலும், சொந்தத்தில் பங்காளியும் உண்டு, தூரத்து உறவும் உண்டு. வேங்கை, சிறுத்தை, சிங்கமெல்லாம் ஒரு கிளை. அந்தக் கிளை மற்ற பூனைகளிடம் இருந்து பிரிந்தே சுமார் ஒரு கோடி வருஷம் ஆகிறது. அவற்றால் கர்ஜிக்க முடியும். வீட்டுப் பூனை மடியில் உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் 'குர்ர்ர்' என்று விடாமல் ஒரு மோட்டார் ஓட்டுமே, அது அவற்றுக்கு வராது. குர்ர்ர் கிளையில்தான் எங்கள் பெட்டிக்குள் இருந்த குட்டிகளும் வருகின்றன. வெருகு, அதாவது காட்டுப்பூனை. அது வீட்டுப் பூனை இருக்கும் அதே பேரினம். பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்து ஏமாறக்கூடாதவை இன்னும் இரண்டு. புனுகுப் பூனை, பூனையே இல்லை. நம்ம ஊர் ஓட்டு வீட்டுக் கூரையில் ராத்திரி தடதடவென்று ஓடும் மரநாய், நாயும் இல்லை, பூனையும் இல்லை. அதை இங்கிலீஷ்காரர்கள் 'கள்ளுப் பூனை' என்ற அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள். பனையில் கட்டின கலயத்தில் வாய் வைக்குமாம். இவை இரண்டும் சேர்ந்து தனிக் குடும்பம். இன்னொரு கூத்து: பார்க்க நாய் மாதிரி இருக்கும் கழுதைப்புலியும், நம் கீரியும் நாய்ப் பக்கம் சேராது, பூனைப் பக்கம்தான் சேரும்.

வெருகை எப்படிக் கண்டுபிடிப்பது?

வளர்ந்த வெருகு வீட்டுப் பூனையைவிடப் பெரிசு. கால் நீளம். அதனால் நடக்கும்போது ஒரு மிடுக்கு தெரியும். வால்தான் சரியான அடையாளம்: உடம்புக்குப் பொருந்தாத மாதிரி குட்டையாக இருக்கும், நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள். காது நுனியில் சின்னதாக ஒரு கறுப்பு மயிர்க் குச்சம். உடம்பு காய்ந்த புல் நிறத்தில், புள்ளியோ கோடோ இல்லாமல் ஒரே மாதிரி இருக்கும், கால்களில் மட்டும் லேசான பட்டைகள். குட்டியாக இருக்கும்போது மட்டும்தான் உடம்பெல்லாம் கோடு. வளர வளர அது மறைந்துவிடும். இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்குப் 'புலிக்குட்டி'. சிறுத்தைக் குட்டிக்குப் பிறந்ததில் இருந்தே நெருக்கமான புள்ளிகள்தான், கோடு இல்லை.

இது அடர்ந்த காட்டைத் தேடிப் போகிற ஆள் இல்லை. பெயரில்தான் காடு. அதற்குப் பிடித்தது புதர், நாணல், கரும்பு, சோளம், ஓடைக்கரை, குளத்தோரம். சுருக்கமாகச் சொன்னால் திண்டுக்கல் சமவெளி. வேடசந்தூர், வடமதுரை, அய்யலூர், நத்தம் என்று பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், சின்னச் சின்னக் குன்று, கீழே முள் காடு, நடுநடுவே மானாவாரி. 'சும்மா கிடக்குற எடம்' என்று நாம் சொல்கிறோம். அரசாங்கமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. நாட்டின் தரிசு நில வரைபடத்தில் புதர் நிலமும் ஒரு வகையாக உட்கார்ந்திருக்கிறது. இதே 'சும்மா கிடக்குற' இடத்தில்தான் தேவாங்கும் வாழ்கிறது என்பது புரிந்து, 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சேர்த்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம். தேவாங்கு பெயரில் வந்தாலும், அந்தப் புதரில் ராத்திரி சுற்றுகிற எல்லாருக்கும் அது பட்டா மாதிரிதான்.

சரி, வெருகு என்ன சாப்பிடும்? கோழி என்று எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பொய் இல்லை. கூண்டைச் சரியாக மூடாத வீட்டில் கோழி போகத்தான் செய்யும். ஆனால், அதன் தினப்படிச் சாப்பாடு எலி. ராஜஸ்தான் சரிஸ்காவில் அதன் எச்சத்தை வைத்து ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். ஒரு வெருகு ஒரு நாளைக்கு 3 முதல் 5 எலி வகைகளைத் தின்கிறது. வருஷத்துக்கு 1,095 முதல் 1,825. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, வருஷா வருஷம் எலிக்கேக் வாங்கும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த எலிக்கேக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாப்பிட்ட எலி உடனே சாகாது, சில நாள் மந்தமாகச் சுற்றும். அதைச் சுலபமாகப் பிடித்துத் தின்கிற வெருகுக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும்.

ஒரு கிலோ வேட்டைக்காரன்

வெருகையாவது வரப்பில் பார்த்துவிடலாம். இன்னொரு ஆள் இருக்கிறார். அவரைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. துரும்பன் பூனை. செம்புள்ளிப் பூனை என்றும் சொல்கிறார்கள். எடை ஒரு கிலோவில் இருந்து ஒன்றரை கிலோ. அரிசிப் பை அளவுகூட இல்லை. உலகத்தின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறு எங்கும் கிடையாது. சாம்பல் உடம்பில் துரு பிடித்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள், நெற்றியில் கோடுகள், உடம்பைவிடப் பெரிசாகத் தெரியும் கண்கள். 2018-ல் பி.பி.சி-யின் பூனைத் தொடரில் இலங்கைக் காட்டில் எடுத்த இதன் வீடியோ இணையத்தில் சுற்றோ சுற்று என்று சுற்றியது. 'ஸோ க்யூட்' என்று பார்த்துவிட்டு, அது நமக்கும் சொந்தம் என்று தெரியாமலே ஸ்க்ரோல் செய்து போயிருப்போம். பக்கத்துத் தேனி மாவட்டம் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இதைப் பார்த்ததாக 1990-களிலேயே பதிவு இருக்கிறது.

இதை நிறைய பேர் வீட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவார்கள். எங்கள் தப்பின் தலைகீழ் இது. நாங்கள் பூனையைச் சிறுத்தை என்றோம். இவர்கள் காட்டு விலங்கைப் பூனை என்பார்கள்.

மேற்கே கொடைக்கானல் மலையில் கதை மாறும். அங்கே சிறுத்தை உண்டு, புலி நடமாட்டமும் உண்டு. புள்ளி போட்ட சிறுத்தைப்பூனையும் உண்டு. 2013-ல் சரணாலயமாக அறிவித்த அந்தக் காடு, ஆனைமலை புலிகள் காப்பகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள், 1,070 சிறுத்தைகள். புலியைத் தலை எண்ணுகிறோம், அதற்கு வரிக்கோட்டை வைத்து அடையாள அட்டையே போடுகிறோம். தோட்டத்து வெருகு எத்தனை இருக்கிறது என்று கேட்டால், சொல்ல ஆள் கிடையாது. புலியில்லாத ஊரில் கேமராவைக் கட்ட யாருக்கு அவசரம்?

புலி என்றதும் ஒரு கிளைக்கதை. 1755-ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. அவர் மகன் திப்பு சுல்தான்தான் பிற்பாடு சிம்மாசனம், உடை, ஆயுதம் என்று எல்லாவற்றிலும் புலியை வரைந்தவர். வெள்ளைக்காரனைக் கடிக்கிற மாதிரி அவர் செய்துவைத்த மரப்புலி இன்னும் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. நம்ம மலைக்கோட்டையில் செல்ஃபி எடுக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

மீனு எங்கிருந்து வந்தாள்?

வெருகைப் பழக்கி வந்ததுதான் வீட்டுப் பூனை என்று நம்மூரில் ஒரு நினைப்பு உண்டு. இல்லை. மேற்கு ஆசியா பக்கம் இருக்கும் ஒரு காட்டுப் பூனைதான் வீட்டுப் பூனைகளின் பாட்டி என்று 2007-ல் மரபணு ஆய்வு காட்டியது. தானியம் சேர்த்துவைக்க ஆரம்பித்தோம், எலி வந்தது, எலிக்காக அது வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைத்த ஒரு பூனையின் எலும்பு கிடைத்திருக்கிறது. வயசு சுமார் 9,500 வருஷம். நாயைப் போல நாம் பயிற்சி கொடுத்து அழைத்துவரவில்லை. அதுவாக வந்தது, பிடித்திருந்தது, தங்கிவிட்டது. இன்றைக்கும் அந்தத் திமிர் இருக்கிறதா இல்லையா?

மீனுவின் இரண்டு ரகசியங்கள். மூன்று நிறம் கலந்த பூனை வீட்டில் இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பெண். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால், ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றாகத் தெரிய இரண்டு எக்ஸ் வேண்டும். அது எந்த மரபணு என்பதையே அமெரிக்க, ஜப்பானிய விஞ்ஞானிகள் 2025-ல்தான் உறுதி செய்தார்கள். இரண்டாவது, நம் குப்பைமேனி. இதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. வேரோடு பிடுங்கிப் போட்டால், வேரின் மணத்துக்குப் பூனை வந்து உருண்டு புரளும். வெளிநாட்டுக்காரர்கள் 'கேட்னிப்' என்று டப்பாவில் விற்பதை நம் கொல்லைப்புறம் சும்மாவே தருகிறது. விளையாடக் கொடுங்கள், தின்ன வேண்டாம்.

பெர்ஷியன் வாங்கும் ஆசையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனைக்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். திண்டுக்கல் சித்திரை வெயிலில், அந்த முடியோடும் சப்பை மூக்கோடும் அது படும் பாட்டை யோசித்துக்கொள்ளுங்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அழகு இல்லை, அவசரம். டாக்டரிடம் ஓடுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், கால் மாத்திரைகூட ஆளை முடித்துவிடும்.

வீட்டுப் பூனைக்கும் வெருகுக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. வெளியே சுற்றும் பூனை, ரேபிஸ், பார்வோ வகைக் கிருமி எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும். கலப்பும் நடக்கும். ஸ்காட்லாந்தில் காட்டுப் பூனை, வீட்டுப் பூனையோடு கலந்து கலந்தே காணாமல் போகும் நிலைக்கு வந்து, 2023-ல் கூண்டில் வளர்த்து மறுபடி காட்டில் விட ஆரம்பித்தார்கள். தோட்டத்து வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

குட்டி கிடைத்தால் என்ன செய்யணும்?

எங்கள் கதைக்கு வருகிறேன். சித்தப்பா போன் செய்ததும் மறுமுனையில் வனக்காப்பாளர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த எடம் ஞாபகம் இருக்கா?" என்பதுதான். திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார்.

தாய் விட்டுட்டுப் போகவில்லை, வேட்டைக்குப் போயிருக்கும். பகலில் ஆள் சத்தம் கேட்டால் பக்கத்தில் எங்கேயாவது பதுங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பார்த்ததுமே செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடாமல் நகர்ந்துவிடுவது. அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து பாத்தியை மட்டும் ஒடிக்காமல் விட்டுவிட்டு, வேறு பக்கம் வேலையைப் பார்க்கலாம். நாயைக் கட்டிப்போட வேண்டும். இருட்டினதும் அது வந்து, கழுத்துத் தோலைக் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். மறுநாள் காலையிலும் குட்டி அங்கேயே கிடந்தால்தான் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

"நாங்க தொட்டுட்டோமே, மனுஷ வாடைக்கு ஆத்தா சேர்க்காதுல்ல?" என்று சித்தப்பா கேட்டார். சேர்க்கும். மகாராஷ்டிராவின் ஜுன்னரில் கரும்பு வெட்டும்போது கிடைக்கிற சிறுத்தைக் குட்டிகளை டாக்டர் தூக்கிப் பரிசோதித்து, பெட்டியில் வைத்து எடுத்த இடத்திலேயே விடுகிறார்கள். தாய் ராத்திரி வந்து கூட்டிப்போகிற வீடியோக்கள் யூடியூபிலேயே இருக்கின்றன. வாடையைவிடப் பசியும் குளிரும்தான் குட்டிக்குப் பெரிய ஆபத்து. அவ்வளவு சின்னக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. பசும்பாலில் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது, அதில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும். எங்கள் மூன்றாவது குட்டிக்கு நடந்தது அதுதான்.

வளர்க்கலாமே என்று யாராவது கேட்டால், முடியாது. காட்டுப் பூனைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். என் ஸ்டேட்டஸே எனக்கு எதிரான சாட்சி. அதோடு, தூக்கும்போது என் தம்பியின் விரலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டியது அது. அவன் மஞ்சள் வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்திருக்கிறான். வனக்காப்பாளர் கேட்ட பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ராத்திரி எட்டரைக்குப் பெட்டியைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தோம். ஒரு பக்கத்தைக் கிழித்துத் திறந்துவிட்டு, உள்ளே காய்ந்த தோகையைப் போட்டோம். டார்ச்சை அணைத்துவிட்டு வந்து மோட்டார் ரூமில் உட்கார்ந்தோம். போனை எடுக்கக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். பத்து மணிக்கு மேல் ஒரு தடவை அந்தக் கனமான குரல் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. பக்கத்தில் வாய்க்கால் சேற்றில் வரிசையாகக் கால் தடம், நகக்குறி இல்லாமல். நாய் நடந்தால் நகம் பதியும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். போன தடமும் திரும்பி வந்த தடமும் இரண்டு முறை இருந்தன.

"ரெண்டு நடை நடந்திருக்கா" என்றார் அப்பத்தா. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "மூணாவதுக்கும் வந்து பார்த்திருப்பா" என்றார். அந்தத் தடத்தையும் நாங்கள் தேடினோம். ஆனால் அதற்குள் சித்தப்பா மடை திறந்து, தண்ணீர் வந்துவிட்டது.